கடைசிக் குடும்பம்

நீதிமன்றத் தாளில் என் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒளிநகல் மோசம். முகம் மைபோல் கறுத்துப் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கையில் கோயில் சாவி. படத்துக்கு மேலே நான் யோசித்து யோசித்துக் கொடுத்த தலைப்பு: 'பெல்மோர் தோட்டத்தின் கடைசிக் குடும்பம்'. ஓரத்தில் ஒரு ரப்பர் முத்திரை. அதற்குள் யாரோ பேனாவால் 'டி-7' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"இது ஒங்கம்மாதானே?"

எதிரே நின்றவன் கேட்டான். தொழிற்சாலைச் சீருடை. கழுத்தில் தொங்கிய அட்டையில் ரோய்ஸ்டன் என்று பெயர். பார்சல் கொண்டுவந்த ஆள் என்று நினைத்துத்தான் அலுவலகக் கதவைத் திறந்துவிட்டிருந்தேன்.

"ஆமா. இது எப்படி ஒங்ககிட்ட…"

"படிங்க மிஸ். நீங்க படிச்சவங்கதானே. எங்க வீட்டுல மூணு நாளா இத வச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டிருக்கோம்."

மலாயில் இருந்தது. தர்மேந்திரன் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம். தர்மேந்திரன் எங்கள் வாடிக்கையாளர். தினமும் காலையில் எனக்கு ரோஜாப்பூப் படம் அனுப்பி 'குட் மார்னிங்' சொல்கிற மனிதர். பதினோராம் பத்தியை இரண்டு தடவை படித்தேன். பெல்மோர் தோட்டத்தின் கடைசிக் குடும்பம் 2010 மார்ச் 14ஆம் நாள் வெளியேறிவிட்டது. ஆதாரம், நாளிதழ்ச் செய்தி, டி-7. ஆகவே இப்போது அந்த நிலத்தில் இருக்கும் பிரதிவாதிகள் அதற்குப் பிறகு அத்துமீறி நுழைந்தவர்கள். அவர்களை வெளியேற்றி வீட்டை இடிக்க உத்தரவு வேண்டும்.

"பிரதிவாதி யாரு?"

"எங்கப்பா, ஸ்டானிஸ்லாஸ். எங்கம்மா குழந்தையம்மாள். கீழ லயம், நாலாம் நம்பர் வீடு. அப்பா பொறந்ததே அந்த வீட்டுலதான். எழுவது வருசமா அத்துமீறிக் குடியிருக்காரு."

"இல்லையே, அங்க யாரும் இல்லையே," என்றேன்.

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

"நீங்க தினேஸ்வரிதானே? மேட்டு லயம், மொத வீடு. ஒங்க வீட்டு நாய் பேரு டைகர். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு மிஸ். நான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போயி சோறு திங்கிற வீட்ட, அங்க யாரும் இல்லங்கறீங்க."

எனக்கு அவனைத் துளியும் நினைவில்லை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஈப்போ பழைய பட்டணத்தில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்று மேசை போட்ட அலுவலகம். முதலாளி ஜோவான் அக்கா. கம்பெனிகளைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வரவைப்பது எங்கள் தொழில். விளம்பரம் என்றால் ஜனங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். செய்தி என்றால் படிப்பார்கள், நம்புவார்கள். அதனால் ஒரு முறுக்குக் கம்பெனிக்குப் பின்னாலோ பல் கிளினிக்குக்குப் பின்னாலோ ஏதாவது கதை இருக்கிறதா என்று தோண்டி, பத்து வரியில் எழுதி, நிருபர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஒரு நாளைக்கு நூறு மின்னஞ்சல் பார்க்கிறவர்கள். சேர்ந்த முதல் வாரமே ஜோவான் அக்கா சொல்லிவிட்டார்.

"முதல், கடைசி, ஒரே. இந்த மூணுல ஒண்ணு தலைப்புல இல்லன்னா எவனும் தொறக்க மாட்டான் லா. முதல் இந்தியப் பெண், கடைசி ஐஸ் வண்டி, பேராக்கிலேயே ஒரே கடை. எதாச்சும் ஒண்ணு போடு. இல்லாட்டி அனுப்பாத."

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். 'முதல்' என்ற சொல்லை எத்தனை விண்ணப்பத்தில் எழுதி எத்தனை கதவைத் திறந்திருக்கிறேன்!

தர்மேந்திரன் வந்தது மார்ச்சில். கோலா கங்சாரிலிருந்து இருபது நிமிடத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம், இப்போது முக்கால்வாசி எண்ணெய்க்கான செம்பனை. நிலத்தை வாங்கி, எட்டு வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டியிருந்த ஒரு தொழிலாளர் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, குளிர்சாதனம் மாட்டி, விடுதியாக்கியிருந்தார். கோலாலம்பூர்க்காரர்கள் வந்து தகரக் குவளையில் காப்பி குடித்துப் படம் எடுத்துக்கொள்ள. தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது நான் பொறந்த தோட்டம்," என்று சொல்லிவிட்டேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஜோவான் அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அம்மா இருக்காங்கல்ல? பேசுவாங்களா?"

பேசாமலா? அம்மாவுக்கு அந்த ஒரு கதைதான். கல்யாண வீடு, சாவு வீடு, மருத்துவமனையில் அவளோடு தரை துடைக்கும் பெண்கள், யார் கிடைத்தாலும் சொல்வாள். "நாங்கதான் கடைசி. எல்லாரும் போயிட்டாங்க. கோயில பூட்டி சாவிய எடுத்துக்கிட்டு வந்தது நாங்கதான்." அந்தச் சாவி எங்கள் அலமாரியில், அவள் அடையாள அட்டைக்குப் பக்கத்தில் இருக்கும்.

பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். பல்கலைக்கழகத்தில் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதினால் மதிப்பெண்ணில் வெட்டுவார்கள். அம்மா சொன்னதற்கு ஆதாரம் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மற்ற வாடிக்கையாளர்கள் படம் எவ்வளவு பெரிதாக வரும், தன் பெயருக்கு முன்னால் பட்டம் போடுவார்களா என்று கேட்பார்கள். தர்மேந்திரன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தேதி போட்டீங்களாம்மா? கடைசிக் குடும்பம் எப்ப வெளியேறுச்சின்னு தேதி கண்டிப்பா வரணும்." எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் கேட்டுத் தேதியை நானே நுழைத்தேன்.

நிருபர் பவித்ரன் படமெடுக்க வந்த அன்று நானும் போனேன். எங்கள் வீடு இப்போது 'அறை 1'. வாசலில் அம்மாவை நிறுத்திச் சாவியைக் கையில் கொடுத்தோம். பந்துத் திடலுக்கு அந்தப் பக்கம், செம்பனைக்கு நடுவே, ஒரு கூரையோரம் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அங்க யாரு?" என்று கேட்டேன்.

"பங்களாதேஷ் ஆளுங்க. கான்ட்ராக்ட் வேலைக்கு," என்றார் தர்மேந்திரன்.

அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள். அந்தத் துணியைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இப்படி நின்னா போதுமா தம்பி?" என்று பவித்ரனைக் கேட்டாள்.

ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் வந்தது. அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

இவ்வளவையும் ரோய்ஸ்டன் எதிரே நிற்கும்போதே நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். தேதி. துணி. 'டி-7'.

"வாங்க மிஸ்," என்றான். "யாரும் இல்லாத வீட்ட ஒரு தடவ வந்து பாருங்க."

அவன் மோட்டார் சைக்கிளின் பின்னால் என் காரை ஓட்டிக்கொண்டு போனேன். விடுதியின் பலகையைத் தாண்டி, மண் பாதையில் சுற்றாமல், திடலின் குறுக்கே நடந்தோம்.

அந்தத் திடலை எனக்குத் தெரியும். பாதிவரை தெரியும். அந்தப் பக்கக் கோல்கம்பத்தைத் தாண்டிப் பந்து போனால் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். "அங்க பாம்பு இருக்கு, போவாத," என்பாள் அம்மா. ஒன்பது வயதில் தோட்டத்தைவிட்டு வரும்வரை நான் போனதே இல்லை. போன பந்து மறுநாள் காலையில் எங்கள் பக்கக் கோல்கம்பத்தில் இருக்கும். அது எப்படி வந்தது என்றுகூட நான் யோசித்ததில்லை. இருபத்து நான்கு வயதில் முதல்முறையாக மறுபாதியைக் கடந்தேன். எண்ணினேன். அறுபத்திரண்டு எட்டுகள்.

ஐந்து வீட்டு லயத்தில் நான்குக்குக் கூரை இல்லை. நாலாம் நம்பருக்கு மட்டும் நீலக் கதவு, மேலே சிலுவை, வாசலில் பப்பாளி மரம். வெளியே நாற்காலியில் ஒரு பெரியவர் சாய்ந்திருந்தார். முன்கை இரண்டும் இன்னும் மரக்கட்டைபோல் இருந்தன.

"கலா மவளா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ், யாரும் அறிமுகம் செய்யும் முன்னமே. "மூக்கப் பாரு, அப்படியே கலாதேவி."

"நீங்க இங்க இருக்கறது எனக்குத் தெரியாது," என்றேன். அதைத்தான் காரில் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"அதெப்படிம்மா தெரியும்? நீ சின்னப் புள்ள."

"கலாவுக்குத் தெரியும்," என்றார் உள்ளிருந்து மைலோ கலக்கிக்கொண்டு வந்த குழந்தையம்மாள். குவளையை என் கையில் தராமல் என் பக்கத்தில் வாசல் திண்டின்மேல் வைத்தார். நான் எடுத்துக் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று முதலில் புரியவில்லை. அவர் வீட்டுக் குவளையில் என் வாய் படுமா என்று பார்த்திருக்கிறார் என்பது புரிந்தபோது குவளை காலியாகியிருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் எழுந்து என்னை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். தகரக் கொட்டகை. உள்ளே துருப்பிடித்த ஓர் எந்திரம்.

"தெனம் காலையில அஞ்சு மணிக்கு ஒங்க வீட்டுக் கொழாயில தண்ணி வந்துச்சே. எங்கேருந்து வந்துச்சின்னு நெனச்ச?"

நான் எதையும் நினைத்திருக்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான்.

"ஆத்துலேருந்து மேட்டுத் தொட்டிக்கு ஏத்தணும். முப்பது வருசம் நான்தான் பம்பு ஆளு. கம்பெனி கைய விட்டப்பறமும் ரெண்டு வருசம் சும்மாவே ஓட்டுனேன். மேட்டுல ஆளுங்க இருந்தாங்களே."

"எல்லாரும் போனப்ப நீங்க ஏன் போகல?"

ரோய்ஸ்டன் என்னைப் பார்த்த பார்வையில், இவள் உண்மையிலேயே படித்தவளா என்ற சந்தேகம் இருந்தது.

"பட்டியல்ல பேரு வந்தாத்தானே போறது," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "நஷ்டஈடு குடுக்கறதுக்கு பேரு கேட்டாங்க. கம்பெனி ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி, கோயில் கமிட்டிகிட்ட எழுதித் தரச் சொல்லிட்டாரு. கமிட்டி, கோயிலுக்கு வரி கட்டுனவங்க பேர எழுதிக் குடுத்துச்சி. எங்களுக்கு அடுத்த பட்டியல்னாங்க. அடுத்த பட்டியலே வரல."

"நீங்க வேதக்காரங்க, அதனால கோயில்…"

"அப்ப அஞ்சாம் நம்பர் அர்ச்சுனன்?" ரோய்ஸ்டன் குறுக்கே வந்தான். "அவரு விபூதி பூசாம வீட்ட விட்டு எறங்க மாட்டாரு. அவருகிட்டயும்தான் வரி வாங்கல. இந்தத் திடலுக்கு இந்தப் பக்கம் எவன்கிட்டயும் வாங்கல. ஏன்னு தெரியுமா மிஸ்? யூனிவர்சிட்டியில சொல்லிக் குடுத்தாங்களா?"

"விடுறா," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. சொல்லத் தேவையே இருந்ததில்லை. பாம்பு என்று சொன்னால் போதுமாக இருந்தது.

கோயில் கமிட்டியின் செயலாளர் என் அப்பா. அதனால்தான் சாவி எங்கள் வீட்டில். அந்தப் பட்டியலில் வந்த பணத்தில்தான் இப்போது நாங்கள் இருக்கும் குனோங் ராபாட் வீட்டுக்கு முன்பணம் கட்டினோம். அந்த வீட்டில், அந்த மேசையில் உட்கார்ந்துதான் நான் படித்தேன். அங்கே நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டேன், ஒவ்வொன்றும் சரியாக வந்தது.

"எதுக்கும்மா நிக்கிற? ஒக்காரு," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

கார் ஓட்டி வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. மாலை ஆறு மணி. அப்பா ஜொகூரில் லாரி ஓட்டுகிறார்; வீட்டில் அம்மா மட்டும்தான். மருத்துவமனைச் சீருடையை வாளியில் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டானிஸ்லாஸ்னு யாராச்சும் தெரியுமாம்மா?"

"பம்பு ஸ்டானிஸா? ஏன், செத்துட்டாரா?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் அங்கதான் இருக்காங்க."

"ஆமா. அவங்க அங்கதான் இருப்பாங்க. அந்தப் பெரிய பய என்ன ஆனான்? ரோஸ்டனோ என்னமோ பேரு. அவன் பொறந்தப்ப மழ, ஆத்துல தண்ணி ஏறி ஆம்புலன்ஸ் வரல. பாவம் அந்தக் கொழந்தையம்மா."

"நீ நாங்கதான் கடைசின்னு சொன்ன!"

"ஆமா, நாங்கதான் கடைசி."

"அப்ப அவங்க?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ கேட்கக்கூடாத அசட்டுக் கேள்வி கேட்டதுபோல.

"அவங்க கீழ லயம், தினா."

அவள் பொய் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். எனக்குக் கத்தத் தெரியும். கோலாலம்பூரில் 'இந்தியர்களுக்கு அறை இல்லை' என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னபோது நான் எழுதிய பதிவை நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். அதைப் படித்துவிட்டு இதே அம்மா போனில் அழுதாள். "மனுசங்கள மனுசங்களா பாக்க மாட்டானுங்களா," என்றாள். இப்போது என் முன்னால் நிற்பவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய கணக்கில் அவர்கள் இல்லை. எப்போதுமே இல்லை. அதில் மறைக்க ஏதோ இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பதினோராம் பத்தியைத் தமிழில் சொன்னேன். அத்துமீறி நுழைந்தவர்கள். இடிக்க உத்தரவு. சட்டத்தில் மாட்டியிருந்த செய்தியைக் காட்டி, "இது ஒன் வாய்மா. அந்த வீட்ட இடிக்கப்போறது ஒன் வாய்தான்," என்றேன்.

"நானா எழுதுனேன்?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "நான் பேசுனேன். எழுதுனது நீ. படிச்ச புள்ளதானே, கீழ லயத்துல யாரு இருந்தாங்கன்னு நீ ஒரு வார்த்த கேட்டியா? துணி காயறதப் பாத்தோம்ல ரெண்டு பேரும்?"

சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் பவித்ரனைக் கூப்பிட்டேன். செய்தியைத் திருத்தச் சொன்னேன்.

"நான் எதத் திருத்தறது தினா? ஒங்கம்மா சொன்னாங்க, நான் போட்டேன். ஒங்கம்மாவே மாத்திச் சொல்லி, எழுத்துல குடுத்தா போடுறேன். அவங்க வாயாலதான் வரணும்."

ரோய்ஸ்டனின் வழக்கறிஞர் மகேந்திரனும் அதையேதான் சொன்னார். செய்தியில் சொன்னவரே சத்தியம் செய்து மறுக்க வேண்டும். இல்லையென்றால் நீதிபதி முன்னால் இருப்பது தேதி போட்ட ஒரு நாளிதழும், ரசீது ஒன்றுமில்லாத ஒரு கிழவரும்தான்.

ஜோவான் அக்காவிடம் நானே சொன்னேன்.

"நம்ம வேல கதைய வெளிய கொண்டுபோறது. கொண்டுபோனதத் திரும்ப வாங்கறது இல்ல லா," என்றார். "ஒரு வாடிக்கையாளருக்கு எதிரா ஒங்கம்மா கோர்ட்டுல போயி நின்னா அப்பறம் எவன் நம்மகிட்ட வருவான்?"

"அக்கா, அவரு தேதி கேட்டது இதுக்குத்தான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேஸ் ஒண்ணு ஓடுதுன்னு தெரியும். யாரோ நாலு பேரு காலி பண்ண மாட்டேங்கறாங்கன்னு சொன்னாரு. அவ்வளவுதான் தெரியும்."

அவ்வளவுதான். எட்டு மாதமாக இந்தப் பெண்ணை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன்.

"இதுல நீ கைய வச்சா இங்க ஒனக்கு மேச இருக்காது," என்றார். நான் என் காப்பிக் குவளையையும் மேசை விசிறியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. போனில் அத்தைகளோடு பேசினாள். "எல்லாரும் என்னப் பொய்க்காரின்னு சொல்லணுமா? பேப்பர்ல போட்டது போட்டதுதான்," என்று அறைக்குள்ளிருந்து கேட்டது. நான்காம் நாள் காலையில் வெளிறிய மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள். கையில் அடையாள அட்டை.

"அவங்களும் வருவாங்களா?"

"வருவாங்க."

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். பிறகு கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அங்க நான் எங்க ஒக்காரணும்?"

சிலிபினில் ஒரு கடைவீட்டின் மாடி. மகேந்திரனின் அலுவலகத்தில் ஒரே வரிசையாக நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். ரோய்ஸ்டனும் ஸ்டானிஸ்லாஸும் குழந்தையம்மாளும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்து நாற்காலிதான் காலி. அம்மா ஒரு நிமிடம் நின்றாள். நான் நகரவில்லை, வேறு நாற்காலி கேட்கவும் இல்லை. உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து மடியில் சுருட்டிக்கொண்டாள். குழந்தையம்மாள் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகேந்திரன் தட்டச்சு செய்துகொண்டே கேட்டார்.

"இவங்கள எத்தன வருசமா தெரியும்?"

"பொறந்ததுலேர்ந்து."

"நீங்க தோட்டத்துல இருந்தது மொத்தம்?"

"முப்பத்தஞ்சு வருசம்."

"அந்த முப்பத்தஞ்சு வருசத்துல இவங்க வீட்டுக்குப் போயிருக்கீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"எதிர்த்தரப்பு மொதல்ல இதத்தான் கேப்பாங்க அக்கா. இப்பவே சொல்லிடுங்க."

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"இல்ல சார்."

"அவங்க ஒங்க வீட்டுக்கு வந்திருக்காங்களா?"

குழந்தையம்மாள்தான், சுவரைப் பார்த்தபடியே, சொன்னார்.

"பின்வாசல் வரைக்கும்."

மகேந்திரனின் விரல்கள் நின்றன. கீழே சாலையில் ஒரு லாரி பின்பக்கமாக வரும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அப்படின்னா," மகேந்திரன் மெதுவாகக் கேட்டார், "நீங்க கெளம்புன அன்னிக்கு, மார்ச் பதினாலு, அவங்க அங்க இருந்தாங்கன்னு எதவச்சி சத்தியம் பண்ணுவீங்க? கண்ணால பாக்கல. வீட்டுக்குப் போகல. கேள்விப்பட்டேன்னு சொன்னா கோர்ட்டுல நிக்காது."

அம்மா மடியில் சுருட்டிய தலைப்பை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள். முடிந்தது என்று நினைத்தேன். ரோய்ஸ்டன் எழுந்து சன்னல் பக்கம் போய்விட்டான்.

"அன்னிக்குக் காலையில தண்ணி வந்துச்சி சார்," என்றாள் அம்மா.

"என்ன?"

"கொழாயில. அஞ்சு மணிக்கு. அவரு பம்பு போட்டாத்தான் எங்களுக்குத் தண்ணி. லாரி வந்து நிக்கிற வரைக்கும் ஊத்திக்கிட்டேதான் இருந்திச்சி. அவரு இல்லாம எப்படி வரும்?" நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "ஒரு நாளும் நிக்கல சார். முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு நாளும் இவங்க தண்ணி நிக்கல. மொதல்ல இவரோட அப்பா. அப்பறம் இவரு."

ஸ்டானிஸ்லாஸ் தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்கு ஒரு மணி நேரம் கூடவே விட்டேன். வீட்டக் கழுவிட்டுத்தான் கெளம்புவாங்கன்னு."

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். என் கண் முன்னால் அவள் அவரை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கழுவுனோம்," என்றாள்.

மகேந்திரன் மலாயில் தட்டச்சு செய்தார். நான் அவர் தோளுக்கு மேலாக நின்று படித்தேன். ஒன்பதாம் பத்தி: அன்று காலை எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. கீழ்த் தளத்தில் சத்தியப் பிரமாண ஆணையர் கையெழுத்து வாங்கக் காத்திருந்தார். வழக்கு அடுத்த மாதம். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

இறங்குவதற்கு எழுந்தபோது அம்மா கைப்பையைத் திறந்து எதையோ எடுத்தாள். கோயில் சாவி. அதைக் குழந்தையம்மாளிடம் நீட்டினாள்.

குழந்தையம்மாள் அதைப் பார்த்தார், வாங்கவில்லை.

"கோயில் கதவு விழுந்து பத்து வருசமாச்சி கலா," என்றார். "இது எதுக்கு?"